அம்மாவின் மஞ்சள் நகங்களைப் பாலிசி படிவத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. நகங்கள் மஞ்சளாகித் தடித்துவிட்டன, இரண்டு கால்களிலும் வீக்கம். நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரை இருமுறை எடுத்தார்கள். 'யெல்லோ நெயில் சிண்ட்ரோம்' என்கிறார் டாக்டர். இதுவரை மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லை. "நக விஷயத்தை எழுதாதீங்க, அது அழகு சமாச்சாரம்" என்கிறார் ஏஜென்ட். எனக்கு மாதம் 48,000 ரூபாய் சம்பளம். கையில் 6 லட்சம் எஃப்டி. என்ன செய்யலாம்?

பதில்: ஏஜென்ட் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். 1964-ல் சம்மன், வொயிட் என்ற இரண்டு மருத்துவர்கள் விவரித்த நோய் இது. நகம், நிணநீர் தேங்கும் வீக்கம், நுரையீரல் தொல்லை மூன்றும் சேர்ந்ததுதான் அதன் அடையாளமே. நீர் எடுத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நகமும் பெரும்பாலும் இருக்கும். மறைத்து வாங்கினால், க்ளெய்ம் வரும் நாளில் அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும். ஐந்து வருடம் பிரீமியம் கட்டிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உண்மையை எழுதினால் கம்பெனி மறுக்கலாம், அல்லது பிரீமியத்தைக் கூட்டலாம். ஏற்றுக்கொண்டாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆனாலும் இடுப்பு எலும்பு முறிவு, மாரடைப்பு என்று வேறு ஏதாவது வந்தால் அந்த பாலிசி உதவும். அதனால் முயன்று பாருங்கள்.

அதற்கு முன், உங்கள் அலுவலகக் குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். பல குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. பெயர் சேர்க்கப் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்புத் தருவார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

எது கிடைத்தாலும், இந்த நோயில் செலவு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இறுக்கமான காலுறை, பிசியோதெரபி, விட்டமின் ஈ, நெஞ்சில் சளி கட்டினால் ஆன்டிபயாடிக், ஸ்கேன் என்று போகும். இதில் பெரும்பகுதி அட்மிட் ஆகாமலே நடப்பதால், சாதாரண பாலிசி பணம் தராது. சொந்தப் பணம்தான்.

ஆகவே 6 லட்சத்தை ஒரே எஃப்டியாக வைக்காதீர்கள். 3 லட்சத்தை அம்மாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் பெயரில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். மகன் தாய்க்குத் தருவதற்கு வரி இல்லை. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது; அந்த விகிதத்தில் மூன்று மாதத்துக்கு 6,150 ரூபாய் வரும். காலுறைக்கும் பிசியோவுக்கும் ஓரளவு தாங்கும். மீதியில் 1 லட்சம் சேமிப்புக் கணக்கில், மற்றதை ஒரு லட்சம் வீதம் இரண்டு எஃப்டி. அவசரமென்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அப்புறம் வருமான வரி. குறிப்பிட்ட சில கடும் நோய்களின் செலவுக்கான 80டிடிபி சலுகைப் பட்டியலில் இது இல்லை. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால், இன்ஷூரன்ஸ் இல்லாத மூத்த குடிமக்களுக்குச் செய்யும் மருத்துவச் செலவை 80டி என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. மருந்துக் கடையிலும் யூபிஐயில் கட்டி, பில்லை அம்மா பெயரில் வாங்குங்கள்.