தாம்பரம் தாண்டித் தனி வீடா, ஊருக்குள் ஃபிளாட்டா: கேட்டவர்களுக்குப் பதில்

சென்னையில் வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுகிற வேலையில் எனக்கு 18 வருஷம். அதில் 11 வருஷம் கூடுவாஞ்சேரி தனி வீட்டிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குத் தினமும் ரயில். இப்போது மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் என்பதால் இந்த வாரம் கேள்வி அனுப்பியவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு சிறுசேரியில் வேலை, மனைவி தி.நகரில் டீச்சர். ஊரப்பாக்கத்தில் தனி வீடு 70 லட்சம் சொல்கிறார்கள். அதே பணத்துக்கு மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். எதை எடுப்பது?

கேட்டால் எல்லாரும் மேடவாக்கம்தான் பக்கம் என்பார்கள். மேப்பில் பக்கம்தான். ஆனால் வேலைக்குப் போவது இரண்டு பேர். உங்கள் மனைவி ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கலாம், நடுவில் எங்கும் மாற வேண்டாம், ரங்கநாதன் தெருவைத் தாண்டினால் தி.நகர். மேடவாக்கத்திலிருந்து என்றால் வேளச்சேரி நெரிசல், அப்புறம் கிண்டி நெரிசல், அதுவும் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தால். உங்களுக்கு வண்டலூர் கேளம்பாக்கம் ரோடு இருக்கிறது, அதில் நேராகப் போய் ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டில், இடது பக்கம் திரும்பினால் சிறுசேரி.

நான் பார்ப்பது கிலோமீட்டர் இல்லை, எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பதைத்தான். ஒரே வண்டியில் உட்கார்ந்து 70 நிமிஷம் வந்தவர் வீட்டுக்கு வரும்போது மனுஷனாக இருப்பார். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஷேர் ஆட்டோ என்று 50 நிமிஷத்தில் வந்தவரிடம் காபி வேணுமா என்று கேட்கவே பயமாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். விளம்பரத்தில் ஊரப்பாக்கம் என்று போட்டிருக்கும், வீடு ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும். அப்படியானால் மேலே சொன்னது அத்தனையும் வாபஸ். விற்கிறவர் காரில் கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்டுவார். நீங்கள் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவியோடு அந்த வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை நடந்து பாருங்கள், ஜி.எஸ்.டி. ரோட்டை, அதாவது தாம்பரம் செங்கல்பட்டு நெடுஞ்சாலையை, கடக்க வேண்டியிருந்தால் அதையும் சேர்த்து.

ஒரு வழிக்கு எவ்வளவு நேரம் வரை தாங்கும்? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.

25 நிமிஷத்தில் போகிற ஆபீஸுக்கு 75 நிமிஷம் ஆகிறது என்று வையுங்கள். போக வர 100 நிமிஷம் கூடுதல், மாதம் 22 நாளுக்கு 2200 நிமிஷம், கிட்டத்தட்ட 37 மணி நேரம். நாலரை நாள் ஆபீஸ் வேலை. அந்த 37 மணி நேரம் உட்கார்ந்து போகிறதா, தொங்கிக்கொண்டு போகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டிகள் நிறைய, அதனால் தாம்பரத்துக்காரருக்கு சீட் கிடைக்கும். செங்கல்பட்டு வண்டி அவ்வளவு அடிக்கடி கிடையாது, ஒன்றைத் தவறவிட்டால் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் அடுத்ததற்கு நிற்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அது எந்தக் கணக்கிலும் வராது. 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏ.சி. வண்டி வந்தது, சௌகரியம்தான், ஆனால் அதன் நேரத்துக்கு உங்கள் ஆபீஸ் ஒத்துவர வேண்டும்.

முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு விலை குறைவாக வருகிறது. தண்ணீர் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். நிஜமா?

2015 டிசம்பரில் அடையாறு அந்தப் பக்கம் என்ன செய்தது என்று அங்கே டீக்கடையில் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். எல்லாத் தெருவும் ஒன்றில்லை, அதனால் பொதுவாகச் சொல்ல மாட்டேன். நான் வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், ஆனால் காம்பவுண்டின் உள்பக்கம், பாத்ரூமுக்குப் பின்னால், சாம்பல் நிறக் கோடு ஒன்று மிச்சம் இருக்கும். அடுத்தது பிளக் பாயின்ட். ஒரு வீட்டில் ஹாலில் இருந்த எல்லா பிளக்கும் நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஏன் சார் என்று கேட்டால் குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத்தான் என்றார். அந்த வீட்டில் இருந்தது வயசான தம்பதி இரண்டு பேர் மட்டும்.

அப்புறம் வாசலில் நின்று ரோடு மட்டத்தைப் பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு வேண்டாம். வெள்ளம் வந்தால் அன்றைக்கு ஆபீஸ் கிடக்கட்டும், தெருமுனைக்கே போக முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாள் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தனி வீடு என்றால் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்ட வேண்டாமே, அதுவே லாபம் இல்லையா?

பில் வராது, அவ்வளவுதான். சம்ப்பில் மோட்டார் காற்று இழுக்கும், மொட்டை மாடியில் ஒழுகும், செப்டிக் டேங்க் லாரிக்கு போன் செய்ய வேண்டும், போர் தண்ணீரில் குழாய் எல்லாம் உப்புப் பூத்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் வருவது உங்களுக்கு லீவு இல்லாத நாளில்தான். தூரத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு பிளம்பர் என்றால் ஒரு நாள் லீவு. ஃபிளாட்டில் வாட்ச்மேனிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஃபிளாட் பக்கமும் தேன் ஒழுகவில்லை. ஓ.எம்.ஆரில் பல காம்ப்ளக்ஸில் தண்ணீர் லாரியில்தான் வருகிறது, கோடையில் அந்தச் செலவு எகிறும். மெயின்டெனன்ஸ் மாதம் 7500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரி வேறு வரலாம். 1000 சதுர அடி என்று சொன்னால் உள்ளே மிதிக்கிற இடம் 700, 750 தேறும், கார்பெட் ஏரியாவைக் கேட்டு வாங்குங்கள். யு.டி.எஸ்.ஸையும், அதாவது கட்டடம் நிற்கிற மண்ணில் உங்கள் பிரிக்கப்படாத பங்கையும், பாருங்கள். மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில், அதாவது 2400 சதுர அடியில், நாலு வீடு இருந்தால் ஆளுக்கு 600 சதுர அடி மண் உங்கள் பேரில் இருக்கிறது. நாளைக்குக் கட்டடத்தை இடித்தாலும் அந்த மண் பேசும். பெரிய டவரில் அது மிகவும் சிறிசாக இருக்கும், நீச்சல் குளத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

மெட்ரோ வரப்போகிறது என்கிறார்கள். அதை நம்பி இப்போதே வாங்கிவிடலாமா?

ரயில் ஓடினால் வாங்குங்கள், தூண் நின்றால் வாங்காதீர்கள். பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-இல் வேலை ஆரம்பித்தார்கள், ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல வருஷம் தூண்கள் வெயில் காய்ந்தன. அந்த ரயிலை நம்பி வாங்கியவர்களின் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள்.

நைட் ஷிஃப்ட் பெண்ணுக்கு எது சரி?

ஆபீஸ் கேப் வாசல் வரை வருகிற இடம். கேப்காரர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்புகிற லேஅவுட் வேண்டாம்.

அப்பா அம்மா ஊரிலிருந்து எங்களோடு வந்துவிட்டார்கள். ஃபிளாட்டில் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். அவர்களுக்காகத் தள்ளிப் போகலாமா?

இதற்குத்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கூடுவாஞ்சேரிக்குப் போனதே அப்பாவுக்காக. அவருக்குத் தென்னை, வாசல் திண்ணை, பக்கத்து வீட்டுக்காரரோடு அரசியல், எல்லாம் கிடைத்தது. நான் காலை ஏழு மணி வண்டிக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்குத் திரும்புவேன். ஒரு நாள் பந்த் என்று வீட்டில் இருந்தபோதுதான் கிணற்றடிச் செம்பருத்தி மஞ்சள் நிறம் என்று கவனித்தேன், நட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அப்பா அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தார், அதை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. தரைத்தளத்தில் ஃபிளாட், பக்கத்தில் கோயில் அல்லது பார்க், தெருவில் நடக்க இடம், இது போதும் நிறைய பெரியவர்களுக்கு. முதலில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வருஷம் இருந்து பாருங்கள். தனி வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போகிறது, 70 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 6 லட்சத்து 30 ஆயிரம். தப்பாக வாங்கிவிட்டால் அந்தப் பணம் திரும்பாது, வாடகை வீட்டைக் காலி செய்தால் லாரி வாடகையோடு முடியும்.

நீங்கள் ஏன் வந்துவிட்டீர்கள்? அந்த வீட்டை விற்றாயிற்றா?

அப்பா போன மறு வருஷம் பையன் பத்தாம் வகுப்பு, அவனோடு உட்கார எனக்கு நேரம் வேண்டியிருந்தது. விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவருக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை, பைக்கில் 20 நிமிஷம்கூட ஆகாது என்கிறார். போன மாதம் தேங்காய் எடுக்கப் போயிருந்தேன், சாயங்காலம் ஐந்தரை மணி, மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து பொண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.