கையெழுத்துப் போடுவதற்கு அவசரம் வேண்டாம்: மதிப்பீட்டுத் தொழிலுக்குப் போக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சி.ஏ. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியில், இருக்கிறாள், ஆடிட் பக்கம் மனம் போகவில்லை, கம்பெனிகளுக்கு மதிப்புப் போடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், உங்கள் கொழுந்தனாரோ "அது கம்பெனிக்காரன் கேட்கிற நம்பரை எழுதிக் கொடுக்கிற வேலை, நாளைக்குக் கேஸ் வந்தால் இவள்தான் போய் நிற்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மூடி மறைத்துவிட்டு "கவலைப்படாதீர்கள், நல்ல துறை" என்று நான் எழுதினால் உங்களுக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை. அதனால் அந்தப் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் ஊர் கரூர் என்பதால் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையே சொல்கிறேன். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி. பிரிகிறார்கள். தம்பி விலகிக்கொள்கிறார், அவர் பங்கை அண்ணன் வாங்கிக்கொள்கிறார். என்ன விலைக்கு? தறியும் கட்டடமும் எவ்வளவு போகும் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருடமாக ஆர்டர் தரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், கம்பெனியின் பெயர், இனி வரப்போகும் லாபம், இதற்கெல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர்தான் மதிப்பீட்டாளர். இரண்டு கம்பெனிகள் இணையும்போதும், வெளிநாட்டுக்காரர் பங்கு வாங்கும்போதும், கம்பெனி திவாலாகி விற்பனைக்கு வரும்போதும் இதே வேலைதான்.

வழிகள் பொதுவாக மூன்று. சொத்தையும் கடனையும் கணக்கிட்டுப் பார்ப்பது ஒன்று, அதே போன்ற கம்பெனிகள் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று ஒப்பிடுவது இன்னொன்று, இனி வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது மூன்றாவது. டி.சி.எஃப். என்று உங்கள் மகள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுதான் மூன்றாவது. தொல்லை பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பயத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி அடுத்த வருடம் செலவு, வரி, புது மெஷின் எல்லாம் போக 2 கோடி ரூபாய் கையில் மிச்சம் வைக்கும், அது வருடத்துக்கு 4 சதவீதம் வளரும், இந்தத் தொழிலில் பணம் போடுகிறவர் 12 சதவீத வருமானம் எதிர்பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். 12-லிருந்து 4 போக 8. 2 கோடியை 8 சதவீதத்தால் வகுத்தால் கம்பெனியின் மதிப்பு 25 கோடி. இப்போது வளர்ச்சியை மட்டும் 4-லிருந்து 6 ஆக்குங்கள், மதிப்பு 33 கோடியைத் தாண்டிவிடும். வளர்ச்சியை 4-லேயே விட்டுவிட்டு எதிர்பார்ப்பை 14 ஆக்கினால் 20 கோடிக்கு இறங்கிவிடும். கம்பெனி ஒரு நூல்கூட மாறவில்லை. எக்செலில் ஒரு கட்டத்தில் 2 சதவீதம் நகர்ந்தது, அவ்வளவுதான். 20-க்கும் 33-க்கும் நடுவில் உள்ள 13 கோடியில்தான் அண்ணன் தம்பி சண்டை, வரி அதிகாரியின் சந்தேகம், வங்கியின் நஷ்டம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த 2 சதவீதத்தைத்தான் கிளையன்ட் கேட்பார். "நம்பரை மாற்றிக் கொடு" என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "மேடம், போன வருஷம் ஆர்டர் கம்மி, இந்த வருஷம் பாருங்க எப்படிப் போகுதுன்னு, 6 சதவீதமே கம்மிதான்" என்பார். சிறிய ஊர்களில் இது இன்னும் கஷ்டம். கேட்பவர் சொந்தக்காரராக இருப்பார், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அப்பாவுக்கு வேண்டியவராக இருப்பார். கணக்குத் தெரியாமல் தடுமாறுகிற பிள்ளைகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் வாய் திறக்க முடியாமல் தடுமாறியவர்கள்தான் அதிகம்.

இதைச் சட்டமும் தெரிந்துதான் வைத்திருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 247-ஆம் பிரிவு 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, கூடவே பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான விதிகளும் வந்தன. இந்தியத் திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.-யிடம் பதிவு செய்தவர்தான் அந்தச் சட்டத்தின் கீழ் மதிப்பீடு செய்யலாம். தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம் உள்ள சொத்தை மதிப்பிடக் கூடாது; நியமனத்துக்கு முந்தைய 3 வருடமும் மதிப்பீட்டுக்குப் பிந்தைய 3 வருடமும் அந்தத் தடையில் அடங்கும். மீறினால் 50,000 ரூபாய் அபராதம். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது என்று நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறையும் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை அபராதமும் உண்டு, வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், நஷ்டமானவர்களுக்கு ஈடும் கொடுக்க வேண்டும். நடத்தை விதிகள் இன்னும் வெளிப்படையானவை. கிளையன்டின் வசதிக்காக மதிப்புப் போட்டுத் தரக் கூடாது என்றே எழுதியிருக்கிறது, காரியம் முடிந்தால் இவ்வளவு என்று பேசி வெற்றிக் கட்டணம் வாங்கவும் தடை.

இன்னொன்றையும் உங்கள் மகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டின் கடைசியில் நான்கு பக்கத்துக்கு "நிர்வாகம் தந்த தகவலை நம்பியே செய்தோம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பல பேர் நினைக்கிறார்கள். விதி அதற்கும் வாய்ப்பு வைக்கவில்லை. வேலையில் இருந்த வரம்புகளை விளக்கலாம், ஆனால் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள அந்த வாசகங்களைப் பயன்படுத்தக் கூடாது. அதனால் கம்பெனி கொடுத்த வருமானக் கணிப்பை அப்படியே தூக்கி எக்செலில் போடுகிற பழக்கம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே வரக் கூடாது. இதைத் தயாரித்தது யார், போன மூன்று வருடம் இதே ஆட்கள் போட்ட கணிப்பு எவ்வளவு பலித்தது, விற்பனை இரண்டு மடங்கானால் அதற்கான மெஷின் எங்கே, ஆள் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்டதையும் வந்த பதிலையும் எழுதி வைக்க வேண்டும். ஆவணங்களைக் குறைந்தது 3 வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி, அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது.

சரி, இப்போது கொழுந்தனார் சொல்லாமல் விட்ட மற்ற பாதி. கணிப்பு பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் மதிப்பீட்டாளரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. டாடாவின் எண்ணெய், சோப்புக் கம்பெனியான டாம்கோ ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தபோது 15 டாம்கோ பங்குக்கு 2 லீவர் பங்கு என்று கணக்கிட்டார்கள், அது தவறு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-ல் வந்த தீர்ப்பு, மதிப்பீட்டில் கூட்டல் கழித்தல் போலத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஏற்கப்பட்ட முறையில் நேர்மையாகச் செய்திருந்தால் நீதிமன்றம் தன் கணக்கை அதன்மேல் திணிக்காது என்ற நிலையை எடுத்தது. 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஒரு வரி வழக்கில், கணித்த வருமானம் பிறகு வரவில்லை என்பதை வைத்து மட்டும் டி.சி.எஃப். மதிப்பீட்டை வரி அதிகாரி தள்ளிவிட முடியாது என்றது. அதாவது நம்பர் தப்பாகப் போகலாம். அந்த நம்பருக்கு எப்படி வந்தாய் என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் என்றார்கள். அதில் பணம் போட்டிருந்த புரோசஸ் நிறுவனமே 2024-ல் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்ஜியமாக எழுதிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு மதிப்பீடே பொய் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தை உற்சாகத்தில் கொடுத்த விலையையும் நிதானமாக உட்கார்ந்து போட்ட மதிப்பையும் பிரித்துச் சொல்ல ஆள் எவ்வளவு தேவை என்றுதான் தோன்றுகிறது.

நிதி ஆலோசனைப் பக்கம் போனால் வேறு ஒரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். ஒரே நிறுவனம் ஒரு கம்பெனியை விற்றுத்தர ஆலோசனையும் சொல்லும், அதே கம்பெனிக்கு மதிப்பும் போடும். விற்றால்தான் கட்டணம் என்றால் மதிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, ஆடிட் செய்கிற நிறுவனம் அதே கம்பெனிக்கு முதலீட்டு ஆலோசனை, முதலீட்டு வங்கிச் சேவை போன்றவற்றைத் தரக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாத இடங்களிலும் இந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மகள் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எனக்கு ஒரு அனுபவம். ஆலோசகராக வருவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தேன். ஒரு நாள் எங்களுக்குப் பல வருடமாக வேலை தந்த ஒருவர், பங்குக்கு இவ்வளவு விலை வந்தாக வேண்டும் என்று தொகையைச் சீட்டில் எழுதிக்கொண்டே வந்துவிட்டார். எங்கள் சார் அந்தச் சீட்டைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டு, "கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், இது வந்தால் எழுதுகிறேன், வரலைன்னா நீங்க வேற ஆளைப் பார்க்கலாம், நமக்குள்ள ஒண்ணுமில்லை" என்றார். காபியும் வரவழைத்துக் கொடுத்தார். அந்த வேலை கைவிட்டுப் போனது, அந்த வருடம் அலுவலகத்துக்கு அது பெரிய தொகை. கோபப்படாமல், உபதேசம் பண்ணாமல், மறுப்பது எப்படி என்று நான் அன்று பார்த்தேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது கிடைக்காது. அப்படி மறுக்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வருடம் பார்த்த பிள்ளைக்குக் கையெழுத்துப் போடும் தைரியமும் வரும், போடாமல் எழுந்து வரும் தைரியமும் வரும்.

அதனால்தான் சொல்கிறேன், பதிவுச் சான்றிதழ் வாங்க அவளை அவசரப்படுத்தாதீர்கள். எப்படியும் இப்போது முடியாது. பங்கு, நிதிச் சொத்து என்ற பிரிவில் பதிவு செய்ய சி.ஏ. முடித்து, உறுப்பினராகி, அதன் பிறகு 3 வருட அனுபவம் வேண்டும். (நிலம்-கட்டடம், இயந்திரம் என்று மற்ற இரண்டு பிரிவுகள் உண்டு, அவை இன்ஜினியர்களுக்கு. வீட்டில் சிவில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் அவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை.) பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, 50 மணி நேர வகுப்பு முடித்து, கம்ப்யூட்டரில் நடக்கும் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையும். சி.ஏ. ஃபைனல் எழுதிய பிள்ளைக்கு இதெல்லாம் மலை இல்லை. சி.ஏ. முடித்தால்தான் என்றும் இல்லை, காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, நிதியில் எம்.பி.ஏ. படித்தவர்களும் வரலாம். ஆனால் அவள் பாதி வழி வந்துவிட்டாள், ஃபைனலை முடித்துவிடட்டும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கீழ் வெளிநாட்டு முதலீட்டுக்குச் செய்யும் மதிப்பீடு போன்ற சிலவற்றுக்கு, பதிவு இல்லாமலே, தொழில் செய்கிற சி.ஏ. கையெழுத்திடலாம். எந்தச் சட்டத்துக்கு யார் கையெழுத்து என்பதில் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள், அதை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருமானம் நிலையானதா என்று கேட்டிருந்தீர்கள். தேவை இருக்கிறது, ஆனால் சட்டம் மாறினால் வேலையும் மாறும். ஸ்டார்ட்அப் கம்பெனிகள் அதிக விலைக்குப் பங்கு விற்றால் விழுந்த 'ஏஞ்சல் வரி'க்காகவே மதிப்பீட்டு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறைய. 2024 பட்ஜெட்டில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள், 2025 ஏப்ரலிலிருந்து இல்லை. ஒரே வகை ரிப்போர்ட்டை அச்சடித்தது போல எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அடி. இணைப்பு, திவால், குடும்பப் பிரிவினை, தகராறு என்று நாலு வகை பழகியவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். திவால் வழக்குகளில் பொதுவாக இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், இரண்டும் ரொம்ப விலகினால் மூன்றாவது ஆள் வருவார். அந்தப் பக்கம் ஒரு வருடமாவது அவள் உதவியாளராக வேலை பார்க்கட்டும். தன் கணக்கை இன்னொருவர் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கும் அவ்வளவு லேசில் கிடைக்காது.

இப்போதைக்கு அவள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆர்ட்டிகிள்ஷிப் அலுவலகத்தில் மதிப்பீட்டு வேலை வந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கட்டும், கூச்சம் வேண்டாம். அஸ்வத் தாமோதரன் என்று ஒரு பேராசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர், தன் வகுப்புகளையும் எக்செல் தாள்களையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார். வாரம் இரண்டு வகுப்பு பார்த்தால் போதும். கரூரிலோ பக்கத்திலோ பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையை எடுத்து அவளே ஒரு மதிப்புப் போட்டுப் பார்க்கட்டும், ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் அதை ஏன் எடுத்தாள் என்று ஒரு வரி எழுதட்டும். அந்த நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் இருப்பேன், அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம். முடிந்தால் கொழுந்தனாரையும் கூட்டி வாருங்கள், அவர் கேட்கிற கேள்விகளுக்கு அவள் பதில் சொல்வதை நான் பார்க்க வேண்டும்.