குதிரை வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: மழை ஆரம்பித்ததிலிருந்து என் குதிரையின் பின்னங்குளம்பில் அழுகல் நாற்றம், கறுப்பாகக் கசிவு. நொண்டவில்லை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வைக்கலாமா?

பதில்: குளம்பழுகல்தான். அடியில் முக்கோணமாக, ரப்பர்போல இருக்கும் பகுதியின் பள்ளங்களில் சாணமும் மூத்திரமும் அப்பிக்கொண்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

தினமும் குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள்; எதிர்த்திசையில் இழுத்தால் மென்சதையில் குத்திவிடும். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை நடுப் பள்ளத்தில் திணியுங்கள். மறுநாள் புதுப் பஞ்சு. ஈரத்தின்மேல் மருந்து போட்டால் வீண்.

மயில்துத்தத் தூள் வேண்டாம், நல்ல சதையையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். பழைய எஞ்சின் ஆயில் பூசுவதும் நம் ஊர்ப் பழக்கம், அதையும் விட்டுவிடுங்கள்.

லாயம் நனைந்தே கிடந்தால் எந்த மருந்தும் நிற்காது. ஈர வைக்கோலைத் தினமும் அள்ளிவிட்டு உலர்ந்த மரத்தூள் போடுங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் குளம்பைச் சீவட்டும். வளரவிட்டால் பள்ளம் ஆழமாகி அழுக்கு தங்கும்.

தொட்டாலே காலை இழுத்துக்கொண்டால், இரத்தம் கசிந்தால், கணுக்கால் வீங்கினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் அதையும் அப்போதே போட்டுவிடலாம்.