டாட்டன்ஹாம் போவதற்கு முன் பொச்செட்டினோ யார்?

லண்டனின் டாட்டன்ஹாம் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் போவதற்கு முன், அர்ஜென்டினாக்காரரான மௌரிசியோ பொச்செட்டினோ என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்து ரசிகர்களுக்கு அவர் 2002-லேயே வேண்டப்பட்டவர்! அந்த உலகக் கோப்பையில் மைக்கேல் ஓவனை அவர் தடுக்கி விழவைத்ததாக நடுவர் கொடுத்த பெனால்டியில்தான் இங்கிலாந்தின் பெக்காம் கோல் போட்டார். அர்ஜென்டினா 0-1 எனத் தோற்றது.

அடிப்படையில் அவர் தடுப்பாட்டக்காரர். அர்ஜென்டினாவின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் அணியில் பயிற்சியாளர் பியெல்சாவிடம் ஆட்டம் பழகி, 1994-ல் ஸ்பெயினின் எஸ்பான்யோலுக்கு வந்தார். அதே அணிக்கு 2009 ஜனவரியில் பயிற்சியாளர். அணியோ தரமிறக்கத்தின் விளிம்பில், அதாவது கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் நிலையில். அடுத்த மாதமே பார்சிலோனாவை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என வென்றார்கள். என் கணக்கில் அவர் பெயர் எடுத்தது அன்றுதான்.

அப்புறம் 2013-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணி. அங்கே பேட்டிக்கு மொழிபெயர்ப்பாளரோடுதான் வருவார். 2014-ல் டாட்டன்ஹாம். 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனார், கோப்பைதான் கிடைக்கவில்லை.