முள் இறங்கிய அந்த ராத்திரி

கேள்வி: ஆலைப் புகையில் போகும் கார்பன் டை ஆக்சைடை வினையூக்கி கொண்டு பயனுள்ள வேதிப்பொருளாக மாற்றலாம் என்று படித்தேன். நடக்கிற காரியமா? அதைப் பசுமை என்பது சரியா?
- ஒரு வாசகி

பதில்: நடக்கிற காரியம்தான், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, சின்ன ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) ஒன்றில் எபாக்சைடு என்ற கரிமத் திரவத்தையும் வினையூக்கியாக ஒரு சிட்டிகை புரோமைடு உப்பையும் போட்டு, 10 பார் (காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு) அழுத்தத்துக்கு கார்பன் டை ஆக்சைடை ஏற்றி மூடினேன். சூடானதும் அழுத்தமானியின் முள் ஏறியது. அப்புறம் மெல்ல இறங்கத் தொடங்கியது. கசிகிறது என்று பயந்து மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வாயு உள்ளேயே வேறு பொருளாகிக்கொண்டிருந்தது! காலையில் திறந்தால் வளைய கார்பனேட். லித்தியம் பேட்டரிக்குள் கரைப்பானாக இருக்கும் ரகம். கழிவென்று ஓர் அணுகூட மிஞ்சாத வினை அது.

ஆனால் எல்லாம் இத்தனை சுலபமில்லை. கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. தன்னிடம் சக்தி இல்லை. எபாக்சைடின் மூன்றணு வளையம் இழுத்துக் கட்டிய வில்லைப் போல விறைத்திருப்பதால், சக்தி அதிலிருந்து வந்தது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் என்ற ஆல்கஹால் வேண்டுமென்றால் ஹைட்ரஜன்தான் சக்தி தர வேண்டும். செம்பு-துத்தநாக ஆக்சைடு வினையூக்கி வழியைச் சுருக்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ மெத்தனாலுக்குச் சுமார் 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 190 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். வழக்கம்போல இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால், 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோவுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 190 கிராமுக்கு 1.7 கிலோ! உள்ளே இழுத்ததைவிட வெளியே விட்டது அதிகம். இதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் அதே 190 கிராமுக்குப் பத்து யூனிட் போல ஆகும். அந்த மின்சாரம் நிலக்கரியில் வராத இடமாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் 2012-இல் திறந்த ஆலை அப்படித்தான் செய்தது: புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு, நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் ஓடும் மின்கட்டமைப்பு. 1994-இல் வேதியியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். மெத்தனாலை எரிபொருளாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் அவர்.