மேலாளர் துக்ளக்கா, முசுடா?

கேள்வி: எங்கள் மேலாளரின் முகத்தைப் பார்த்துத்தான் லீவே கேட்க முடியும். ஒரு நாள் சிரித்துப் பேசுவார், மறுநாள் வணக்கம் சொன்னாலே எரிந்து விழுவார். அவருக்கு ‘துக்ளக்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பொருத்தம்தானே?
– ஒரு வாசகி, தேனி

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். அவர் வெறும் முசுடு, மூடு நன்றாக இருந்தால் தங்கம், அவ்வளவுதான். துக்ளக் ஆவதற்கு முகம் மாறினால் போதாது, உத்தரவு மாற வேண்டும். எல்லோரும் மூன்றாவது மாடிக்குப் போங்கள் என்று சொல்லி, நீங்களும் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஒயரெல்லாம் மாட்டி முடிக்கிற நேரத்தில் ‘யார் மேலே போகச் சொன்னது?’ என்று கேட்டாரானால் தாராளமாக அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

1325 முதல் 1351 வரை டெல்லியை ஆண்ட முகமது பின் துக்ளக் செய்தது அதுதான். 1327இல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தேவகிரிக்கு தௌலதாபாத் என்று பெயர் சூட்டித் தலைநகராக்கி, டெல்லியின் பெரிய மனிதர்களையெல்லாம் குடும்பத்தோடு கிளப்பிக்கொண்டு போனார். சில வருடங்களில், சரிப்படவில்லை, திரும்ப டெல்லிக்கே நடங்கள். அப்புறம் வெள்ளிக் காசின் மதிப்பிலேயே செம்பு, பித்தளைக் காசுகள் வெளியிட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா, வீட்டிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கஜானா வெள்ளியைக் கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் ஆள் முட்டாள் இல்லை, நன்றாகப் படித்தவர். அவரிடம் காஜியாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, சுல்தானின் வாசலில் ஓர் ஏழை பணக்காரனாவதும் ஒருவன் தலை போவதும் சகஜம் என்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார். உங்கள் பக்கத்து மதுரையும் அவர் ஆட்சியில் இருந்த ஊர்தான்; 1335 வாக்கில் அங்கிருந்த ஆளுநர் தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார்.

கேள்வி: ‘துக்ளக் தர்பார்’ என்றாலும் இதே பொருள்தானா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏறக்குறைய. ஆளை விட்டுவிட்டு நிர்வாகத்தைத் திட்டுவது. காலையில் பார்க்கிங் இடத்தைக் குலுக்கலில் கொடுத்து, சாயங்காலம் அது செல்லாது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுகிற அடுக்குமாடிச் சங்கத்தைச் சொல்லலாம். நம் ஊரில் துக்ளக் பெயர் இப்படி நிலைத்ததில் சோவுக்கும் பங்கு உண்டு: 1968இல் நாடகம், 1970இல் பத்திரிகை, 1971இல் சினிமா. ஆனால் கட்டிய புடவை பிடிக்கவில்லை என்று நாலு தடவை மாற்றும் மனைவியை துக்ளக் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் மாற்றுவது அவர் புடவையை, உங்களுக்கென்ன?