சரித்திரக் கதைகளில் வரும் சிட்டிங் புல் எதற்காகப் போராடினார்?

சிட்டிங் புல், வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த லக்கோட்டா சியூ மக்களின் தலைவர், சமயப் பெரியவரும்கூட. அவருடைய எதிர்ப்புக்குக் காரணம் பறிபோன மண். கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) என்ற மலைப்பகுதி சியூ மக்களுக்கே என்று 1868இல் ஒப்பந்தம் போட்ட அமெரிக்க அரசு, 1874இல் அங்கே தங்கம் தென்பட்டதும் பேச்சு மாறியது. நிலத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரே, அதில் ஊற்று கண்டதும் வேலியைப் பிடுங்க வருவதைப் போன்ற அநியாயம் இது!

1876 ஜூனில், சூரிய நடனச் சடங்கில் சிட்டிங் புல் தம் கைகளிலிருந்து தசைத் துணுக்குகளை அறுத்தெடுக்கச் செய்து காணிக்கையாக்கினார். அமெரிக்கப் படைவீரர்கள் தலைகீழாகத் தம் முகாமுக்குள் விழுவதாகக் காட்சி கண்டார். நாவலாசிரியர் எவரும் தவறவிடக் கூடாத கட்டம்.

அதே மாதம் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் படைத்தளபதி கஸ்டரைச் சிட்டிங் புல்லே வீழ்த்தினார் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் களத்தில் முன்நின்றவர்கள் கிரேசி ஹார்ஸ் போன்ற போர்த்தலைவர்கள்.